அடுப்படிக் குழாயில் ஐஸ் தண்ணீர்: மூன்று கோடை பட்ட பாடு

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு அடுப்படிக் குழாயில் வரும் முதல் செம்புத் தண்ணீரில் அரிசி ஊறவைக்கலாம், அவ்வளவு சூடு. சமையலுக்கு வாங்கிய தெர்மாமீட்டரை ஒருநாள் பிடித்துப் பார்த்தேன். முதலில் 45 டிகிரி. அது மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கும் குழாயில் நின்ற தண்ணீர். அது போனபின் தொட்டித் தண்ணீர், 39. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

கத்தாரில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்தவன் நான். வெயில் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே கம்பெனி கேம்ப்பில் நீலக் குழாயை அழுத்தினால் சில்லென்று வரும். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இங்கே ஃபிரிட்ஜில் பாட்டில் வைப்போம், நாலு பேர் குடிப்போம், காலி பாட்டிலை யாரோ ஒருவர் அப்படியே உள்ளே வைத்துவிடுவோம். அந்த 'யாரோ' யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. சரி, குழாயிலேயே குளிர்ந்த தண்ணீர் வரவைத்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்று கோடை ஆகிவிட்டது.

முதல் கோடையில் செய்தது சுத்த முட்டாள்தனம். இணையத்தில் ஒரு சின்னப் பெட்டி, 2,800 ரூபாய். குழாயின் முனையில் மாட்டினால் தண்ணீர் போகிற போக்கில் குளிர்ந்துவிடும் என்று படம் போட்டிருந்தார்கள். உள்ளே பெல்டியர் தகடு. ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும், அசைகிற பாகம் எதுவும் கிடையாது. பெட்டி கையில் ஜில்லென்றுதான் இருந்தது. குழாயைத் திறந்தால், உள்ளே போன 39 வெளியே வரும்போதும் 39. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதோ என்று அதை ஐஸில் முக்கிப் பார்த்தேன். சுழியம் காட்டியது. கெட்டது தெர்மாமீட்டர் இல்லை.

அன்று ராத்திரி கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி இறக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடுகிறது என்றால், ஒரே ஒரு டிகிரி குறைக்க 70 வாட் வேண்டும். அந்தத் தகடு 60 வாட் கரண்ட் தின்று எடுக்கும் வெப்பம் இருபது இருபத்தைந்து வாட்தான். அதாவது அரை டிகிரிகூடக் குறையாது. விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 2,800 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கணக்கை நிறுத்தாமல் மேலே போனேன். எனக்கு வேண்டியது நிமிடத்துக்கு 2 லிட்டர், 39-லிருந்து 14 டிகிரிக்கு. அதாவது 25 டிகிரி இறக்கம். பெருக்கினால் 3,500 வாட். அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், அது ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் சக்தி! ஒரு டம்ளர் தண்ணீருக்காக அடுப்படி மேடைக்குக் கீழே ஒரு டன் ஏசியை உட்கார வைக்க முடியுமா?

இந்த 'டன்' வந்த வழி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். ஒரு டன் ஐஸ் (அமெரிக்க டன், 907 கிலோ) ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் ஏசி. ஏசி வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றாலே ஐஸ்கட்டிதான், அதனால் அளவும் ஐஸிலேயே நின்றுவிட்டது. இதைப் படித்ததும் மச்சான் ஞாபகம் வந்தது. மனைவியின் தம்பி. விசைப்படகு வைத்திருக்கிறான். கடலுக்குக் கிளம்பும்போது பார் பாராக ஐஸ் ஏற்றுவான்.

குளிரை அந்த நேரத்தில் உண்டாக்க முடியாது, முன்கூட்டியே சேர்த்து வைத்தால்தான் உண்டு என்பது எனக்குப் புரிந்த இடம் இதுதான். ஐஸ் என்பது சேர்த்து வைத்த குளிர். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும். 25 டிகிரி இறக்கத்துக்கு லிட்டருக்கு 105 என்று வைத்தால், ஒரு கிலோ ஐஸ் மூன்று லிட்டருக்கு மேல் குளிர்விக்கும்.

அதற்கு முன்னால் அம்மாவின் பானையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த வேலை முழுக்க அம்மா சொன்னது ஒன்றுதான்: "பானை இருக்கும்போது என்னத்துக்குடா இந்தக் கூத்து?" திண்ணை மூலையில், ஈர மணல் குவித்து அதன்மேல் பானை. பரமக்குடியில் என் அத்தை வீட்டுப் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். எங்கள் வீட்டுப் பானை அப்படிக் குளிராது. மண் சரியில்லை, சூளை சரியில்லை என்று அம்மா மூன்று பானை மாற்றியிருக்கிறார். மண்ணின் குற்றம் இல்லை. பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியானால்தான் உள்ளே குளிரும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, இன்னும் வாங்கிக்கொள்ள இடமில்லை. கடல்காற்று அடிக்கும் நாளில் பானையை அளந்தேன், 28. நிலத்துப் பக்கமிருந்து வறண்ட மேல்காற்று வந்த ஒரு மதியம் 25. அதே பானை, அதே மணல். அம்மாவிடம் காட்டியதும், "இதைத்தான் நான் அப்பவே சொன்னேன், காத்து மாறணும்னு" என்றார். சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை.

இரண்டாம் கோடையில் மச்சானும் நானும் சேர்ந்து ஒன்று செய்தோம். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி ஒன்று, புதிது. உள்ளே கால் அங்குல எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) குழாயைச் சுருட்டி வைத்தோம், பத்து மீட்டர். ஒரு முனை வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு, மறுமுனை குழாய்க்கு. சுருளைச் சுற்றி உடைத்த ஐஸ். படகு ஐஸைக் குடிக்கக் கூடாது, எந்தத் தண்ணீரில் உறைய வைத்தார்கள், எதில் இழுத்து வந்தார்கள் என்று தெரியாது. ஆனால் இங்கே ஐஸ் வெளியே, குடிதண்ணீர் குழாய்க்குள்ளே, ஒன்றோடொன்று தொடாது. அந்தத் தைரியத்தில் செய்தோம்.

முதல் நாள் ஏமாற்றம்தான். வெளியே வந்தது 24 டிகிரி. பெட்டி நிறைய ஐஸ் இருந்தும் அப்படி. மச்சான் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"மச்சான், வெறும் ஐஸைப் போட்டா எப்படிக் குளிரும்? தண்ணிய ஊத்துங்க. நாங்க மீனையே ஐஸ் தண்ணியிலதான் முக்குவோம். கட்டி அங்கங்கதான் மீனைத் தொடும். தண்ணி எல்லாப் பக்கமும் தொடும்."

பெட்டியில் சுருள் முழுகும் வரை தண்ணீர் ஊற்றினோம். பத்து நிமிடத்தில் 13 டிகிரி. குழாயை முழுக்கத் திறந்தால் 17, 18. மெதுவாகத் திறந்தால் 12. பத்து மீட்டர் சுருளில் தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு குளிரும். யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஐஸ் மட்டும் போதாது, ஐஸும் தண்ணீரும் கலந்து இருக்க வேண்டும். கல்லுப்பை அள்ளிப் போட்டால் இன்னும் குளிரும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். போடாதீர்கள். உப்பு போட்ட ஐஸ் சுழியத்துக்குக் கீழே போகும், குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். எங்களுக்கு ஒருமுறை அடைத்தது. எஸ்எஸ்ஸுக்குப் பதில் செம்புக் குழாய் இன்னும் நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் ஆர்ஓ தண்ணீர் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, செம்பில் நின்றால் அரிக்கும், துவர்ப்பு வரும். காவிரித் தண்ணீர் என்றாலும் நான் எஸ்எஸ்தான் போடுவேன்.

ஐந்து கிலோ ஐஸ், கணக்குப்படி பதினைந்து லிட்டர் தர வேண்டும். கிடைத்தது எட்டு ஒன்பது. மீதியைப் பெட்டியின் சுவரும், மூடியைத் திறந்து திறந்து பார்த்த என் ஆர்வமும் தின்றுவிட்டன.

அப்படியே ஒரு மாதம் ராஜாவாக இருந்தேன். ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் வாங்க ஆளில்லை, ஐஸ் கம்பெனியும் அரை மூச்சில்தான் ஓடும். வருடத்திலேயே எனக்கு ஐஸ் ரொம்பத் தேவைப்படும் இரண்டு மாதம்தான் ஐஸ் இல்லாத இரண்டு மாதம்! மச்சானிடம் கேட்டால், "கரையில நிக்கிறவன்கிட்ட ஐஸ் கேக்குறீங்களே" என்றான். தெர்மாகோல் பெட்டியில் இப்போது மனைவி வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள்.

ஐஸ் இல்லாத அந்த இரண்டு மாதத்தில்தான் உருப்படியான காரியம் ஒன்று நடந்தது. குளிர்விப்பதை விட்டுவிட்டு, சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன்.

கத்தாரில் கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர்தான் வரும், தொட்டி மாடியில் காய்வதால். அங்கே இருக்கிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். குளியலறை கீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள். கீசர் வீட்டுக்குள் இருக்கிறது, வெளிச்சூடு படாத உறை போட்டது, அதில் நின்ற தண்ணீர் ஏசி அறையில் ஆறிப்போய் இதமாக வரும். வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எங்கள் கேம்ப்பில் ஒரு சடங்கு. இது தெரிந்திருந்தும் ஊரில் யோசிக்க எனக்கு இரண்டு கோடை பிடித்தது.

எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டரில் லிட்டருக்கு 3,400 மில்லிகிராம் காட்டும். இந்தியத் தரநிலை சொல்வது 500, வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. அதனால் குடிக்க, சமைக்க எல்லாம் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான். அது முறைவைத்து வரும், வரும்போது சம்ப்பில் பிடிக்க வேண்டும். நாங்கள் சம்ப்பில் பிடித்ததை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றி, வெயிலில் வேகவைத்து, திரும்பக் கீழே இறக்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். சம்ப்பை அளந்தேன். நட்ட நடு மே மாதம், 30 டிகிரி. மண்ணுக்குள் இருப்பதால் ராத்திரி பகல் ஒன்றுதான்.

அடுப்படிக் குழாய்க்கு மட்டும் சம்ப்பிலிருந்து நேராகத் தனிக் குழாய் இழுத்தேன். ஒரு சின்னப் பிரஷர் பம்ப், குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். சுவரோரமாக நிழலில் குழாய். வடிகட்டி வழியாக வந்து விழும் தண்ணீர் 30. வெறும் 30-தான், ஆனால் 39-ஐக் குடித்த வாய்க்கு அது தேனாக இருந்தது. 14-க்கு இறக்க வேண்டியது 25 டிகிரி இல்லை, இனி 16. குளிரூட்டும் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பைசா கரண்ட் இல்லாமல் போய்விட்டது. சம்ப் இல்லாதவர்கள் மாடித் தொட்டிக்கு நிழல் போடலாம், தென்னங்கீற்றே போதும். கறுப்புத் தொட்டி என்றால் வெள்ளை அடிக்கலாம். மாடியில் வெயிலில் ஓடும் குழாயை முதலில் மூட வேண்டும், 45 அங்கிருந்துதான் வந்தது.

மூன்றாம் கோடையில் கம்ப்ரஸர் வைத்த சில்லர் வந்தது. ராமநாதபுரத்தில் மூடிய ஓர் அலுவலகத்தில் பழசாகக் கிடைத்தது, 7,500 ரூபாய். மேடைக்கு அடியில் வைக்கிற சைஸ், உள்ளே 4 லிட்டர் எஸ்எஸ் தொட்டி. இதுவும் ஓடுகிற தண்ணீரைக் குளிர்விக்கவில்லை. தொட்டியை மெதுவாகக் குளிரவைத்து வைத்துக்கொள்ளும், நாம் திறக்கும்போது கொடுக்கும். ஃபிரிட்ஜ் பாட்டிலேதான், யாரும் நிரப்ப வேண்டியதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

மாட்டிய அன்று ஆறு டம்ளர் சில்லென்று வந்தது, ஏழாவது டம்ளர் வெதுவெதுப்பு. நாலு லிட்டர் தொட்டியில் 200 மில்லி டம்ளர் ஆறுதானா? ஏசி மெக்கானிக் தம்பி வந்து பின்பக்கம் பார்த்தான். "அண்ணே, தண்ணி உள்ள வர்ற 'இன்'னையும் வெளிய போற 'அவுட்'டையும் பிளம்பர் மாத்திட்டாரு." குளிர்ந்த தண்ணீர் கனம், அடியில் நிற்கும். எடுக்கிற குழாய் அடியில் இருக்க வேண்டும், புதுத் தண்ணீர் மேலே மெதுவாக விழ வேண்டும். எங்கள் வீட்டில் புதுத் தண்ணீர் அடியில் பீய்ச்சி, சேர்த்து வைத்த குளிரையெல்லாம் கலக்கிவிட்டது. இரண்டு குழாயையும் மாற்றி மாட்டிய பிறகு பன்னிரண்டு டம்ளர். வேறு எதையும் தொடவில்லை. தொட்டி காலியானால் திரும்பக் குளிர முக்கால் மணி நேரம் ஆகும். விருந்தாளி வந்தால் பதின்மூன்றாவது ஆள் பானைக்குத்தான் போக வேண்டும். அம்மாவுக்கு அதில் பரம திருப்தி.

சில்லரிலிருந்து குழாய் வரை உள்ள தூரத்தையும் கவனிக்க வேண்டும். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 150 மில்லி தண்ணீர் நிற்கும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் முதல் ஒன்றரை டம்ளர் சூடாக வரும், அதைக் கீழே கொட்டுவோம். காவிரித் தண்ணீரைக் கொட்டினால் எங்கள் தெருவில் பாவம். கால் அங்குல பிளாஸ்டிக் குழாயில் மீட்டருக்கு 15 மில்லிதான். சில்லர் நேர் கீழே, கால் அங்குலக் குழாய், அதற்கென்று தனியாக ஒரு சின்னக் குழாய்முனை. இப்படி வைத்தால் முதல் வாயே சில்லென்று இருக்கும்.

இனி கடற்கரையின் கைவரிசை. மாட்டிய மூன்றாம் வாரம் மனைவி கூப்பிட்டாள், அலமாரிக்குள் ஏதோ நாற்றம் என்று. கதவைத் திறந்தால் அடிப் பலகை தோசை மாதிரி உப்பியிருந்தது. மூலையில் கறுப்புப் பூஞ்சை. எங்கேயோ ஒழுகுகிறது என்று ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதம் சுற்றிப் பார்த்தேன். எதுவும் நனையவில்லை. நனைந்தது குழாயின் வயிறு. எங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, 26 டிகிரிக்குக் கீழே போகிற எதுவும் வியர்க்கும். 8 டிகிரித் தண்ணீர் ஓடும் குழாய் நாள் முழுக்கச் சொட்டியிருக்கிறது. ஏசி செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் உறை வாங்கி, ஓரிடம் விடாமல், இணைப்பு முட்டு உள்பட எல்லாவற்றையும் மூடி, சந்துகளில் டேப் ஒட்டினேன். ஒரு விரல்கடை விட்டாலும் அங்கே சொட்டும். பலகையை எடுத்துவிட்டு ஒரு கடப்பா கல்லைப் போட்டுவிட்டேன்.

அந்த ஆவணியில் இன்னொன்று. தெர்மோஸ்டாட்டின் உணர்குமிழ் தன் இடத்திலிருந்து நழுவி வெளியே தொங்கியிருக்கிறது. அது அடுப்படிக் காற்றை அளந்து, இன்னும் குளிரவில்லை, இன்னும் குளிரவில்லை என்று கம்ப்ரஸரை ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறது. காலையில் குழாயில் சொட்டு இல்லை. தொட்டி முழுக்க ஒரே ஐஸ்கட்டி. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும், தொட்டியின் ஒட்டு ஒன்று மயிரிழையில் பிளந்துவிட்டது. ஒட்டவைக்க 900 ரூபாய். தடைக்காலத்தில் கிடைக்காத ஐஸ் என் அலமாரிக்குள் விளைந்ததே என்று மச்சான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கரண்ட் விஷயம். பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்ததில் நாளுக்கு 1.1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 66. அது பெரிய காசில்லை என்று நினைத்தேன், ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கு ஏற்கெனவே 460-ல் நின்றது. 500 யூனிட்டைத் தாண்டினால் நம் ஊரில் விலைப்பட்டியலே மாறிவிடும் என்பது பில் வந்தபின்தான் உறைத்தது. இப்போது ஒரு டைமர் போட்டு ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை அணைத்து வைக்கிறேன். ராத்திரி யார் குடிக்கிறார்கள்?

கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் உறுமும். மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் கட்டாயம். அதைவிடக் கட்டாயம் எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபியும். ஈரமும் உப்பும் உள்ள இடத்தில், தண்ணீர்க் குழாயோடு இணைந்த இரும்புப் பெட்டி அது. எங்கள் வீட்டில் ஒருமுறை பெட்டியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்றது, பிளக்கில் எர்த் வயர் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போய் நாலைந்து நாள் கழித்து வந்தால் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் குடிக்கிறோம். கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால், அதற்குப்பின் நிற்கும் தண்ணீருக்குக் காவல் கிடையாது. சில்லர் அணைந்து கிடந்தால் இன்னும் மோசம். மாதம் ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும்.

இந்த வருடம் சில்லரின் பின்பக்கக் கம்பிவலையில் துரு தெரிகிறது. அதுதான் உள்ளே எடுத்த சூட்டை வெளியே விடும் இடம், அதில் உப்பு படிந்தால் சூடு போகாது, கம்ப்ரஸர் மூச்சு வாங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவந்தும் அடியில் நாலைந்து கம்பி செதில் செதிலாக உரிகிறது. வாடைக்காற்று தொடங்குவதற்குள் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மெக்கானிக் தம்பி தீபாவளிக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறான். போன தீபாவளிக்கும் அப்படித்தான் சொன்னான்.